புல்வெட்டும் ரோபோவும் தடைகளும்: பெங்களூரு லான்களுக்கான கேள்வி-பதில்

வைட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு, தேவனஹள்ளிப் பக்கம் தனிவீட்டு லானில் புல்வெட்டும் ரோபோவை ஓடவிட்டிருப்பவர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. ஒன்று, கண்ணெதிரே இருக்கும் பொருளில் போய் மோதுகிறது. இல்லையென்றால் எதிரில் ஒன்றுமே இல்லாதபோது மிரண்டு பின்வாங்குகிறது. புகார்கள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும். சென்சாரை மாற்றச் சொல்லி சர்வீஸுக்கு போன் போடுமுன் கீழே உள்ளவற்றைப் பாருங்கள். பல நேரம் கோளாறு மெஷினில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது.

தடையை இது எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

மாடலைப் பொறுத்து நான்கைந்து வழிகள் உண்டு. முதலாவது மோதி அறிவது: மேல்மூடி ரப்பர் தூண்களில் மிதந்தபடி இருக்கும், எதிலாவது இடித்தால் கொஞ்சம் நகரும், அந்த நகர்வை மூடியில் ஒட்டிய காந்தமும், காந்தத்தைக் கண்டறியும் கீழே உள்ள ஹால் சென்சாரும் உணரும். இரண்டாவது அல்ட்ராசோனிக்: 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலியை அனுப்பி எதிரொலிக்காகக் காத்திருக்கும்; ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரிலிருந்து ஒலி திரும்ப ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட். மூன்றாவது கேமரா. சில விலை உயர்ந்த மாடல்களில், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடாரும் உண்டு. இவை தவிர, தூக்கினாலோ சாய்ந்தாலோ பிளேடை நிறுத்தும் சென்சார்கள் தனி.

லானின் எல்லையைச் சுற்றிப் போடும் பௌண்டரி ஒயரும் ஜிபிஎஸ் மேப்பும் தடையைப் பார்ப்பதே இல்லை. "இங்கே போகாதே" என்று நீங்கள் முன்கூட்டிச் சொன்னதை மட்டும் அவை காக்கின்றன. ரோஜாப் பாத்திக்குள் வண்டி நுழைந்தால் அது எல்லைக் கோளாறு. பூந்தொட்டியை இடித்துத் தள்ளினால் அது சென்சார் கோளாறு. எந்தப் புலன் தவறியது என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதிரில் எதுவுமே இல்லை. நாலு அடி போகிறது, இடித்ததுபோல் பின்வாங்குகிறது, கடைசியில் சிக்கிக்கொண்டதாக மெசேஜ் வருகிறது. ஏன்?

மிதக்கும் மூடிக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே புல் அடைத்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஈரப்புல்லும் செம்மண்ணும் சேர்ந்து அந்த இடுக்கில் அப்பி, வெயில் வந்ததும் வறட்டி மாதிரி இறுகிவிடும். மூடி தன் நடுநிலைக்குத் திரும்ப முடியாது. காந்தம் விலகியே நிற்கும். மெஷினைப் பொறுத்தவரை அது எந்நேரமும் எதிலோ இடித்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஸ்டாப் பட்டன் மட்டும் போதாது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஒரு பழைய மெத்தை விரிப்பின் மேல் வண்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைப் பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு மேல்மூடியை எடுங்கள். சில மாடல்களில் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக மேலே இழுத்தால் கழன்று வரும், சிலவற்றில் ஸ்க்ரூ இருக்கும். பேட்டரி சார்ஜ் ஒயர் மூடியோடு சேர்ந்து வந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ரப்பர் தூண்களைச் சுற்றியுள்ள அழுக்கை மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, தூண்களை விரலால் சாய்த்து விடுங்கள்: நாலும் ஒரே வேகத்தில் நிமிர வேண்டும். ஒன்று மட்டும் சோம்பலாக எழுந்தால், அல்லது அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தால், அதுதான் குற்றவாளி. பெங்களூரு வெயிலில் மூடி போடாமல் வருடக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் ரப்பர் இறுகுவது சகஜம்.

மூடியைத் திரும்பப் பொருத்தியபின், ஆப்பிலோ வண்டியின் மெனுவிலோ சென்சார் நிலையைக் காட்டும் பக்கம் இருந்தால் திறந்து வைத்து, முன், பின், இரு பக்கம் என்று கையால் தள்ளிப் பாருங்கள். தள்ளும்போது மாற வேண்டும், விட்டவுடன் பழைய நிலைக்கு வர வேண்டும். விட்டபின்னும் மாறவில்லை என்றால் காந்தம் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஹால் சென்சார் பலகையில் ஈரம் ஏறியிருக்கலாம்.

பிரஷர் வாஷரால் கழுவவே கூடாது. கார் கழுவ வருபவரிடம் "அப்படியே இதையும் ஒரு அடி அடித்துவிடுங்கள்" என்று சொல்லும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சீல்களைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போக இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பம்ப்பர் (அந்த மிதக்கும் மூடி) சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் புல்லையே தடை என்று நினைத்து ஒதுங்குகிறது. அங்கங்கே திட்டுத் திட்டாகப் புல் வெட்டாமல் நிற்கிறது.

இது அல்ட்ராசோனிக், கேமரா மாடல்களின் வழக்கமான குறை. மழை பெய்து ஒரு வாரம் வண்டியை நிறுத்தி வைத்தால், சில இடங்களில் புல் மற்றதைவிட உயர்ந்துவிடும். அந்தக் கற்றையிலிருந்தும் எதிரொலி வரும். கேமராவுக்கு அது ஒரு புதர். வண்டி ஒதுங்கிப் போகும், ஒதுங்குவதால் அங்கே இன்னும் வளரும், வளர்வதால் இன்னும் ஒதுங்கும். தானாக இது சரியாகாது. சாதாரணப் புல்வெட்டியால் அந்த இடத்தை ஒருமுறை வெட்டிச் சமன் செய்துவிட்டு, பிறகு தினமும் ஓடவிடுங்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த புல்லில் ரோபோவை முதலில் இறக்கவே வேண்டாம். செப்டம்பர், அக்டோபர்தான் இங்கே நல்ல மழை. அந்த இரண்டு மாதமும் வெட்டும் உயரத்தை ஒரு படி ஏற்றி, ஓட்டத்தைக் கூட்டுவது நல்லது.

புல் வகையும் கணக்கில் வரும். கொரியன் கார்பெட் புல் வெட்டாமல் விட்டால் குமிழ் குமிழாகப் பொங்கி நிற்கும். அதில் சக்கரம் ஏறி இறங்கும்போது தூக்கு சென்சாரும் சாய்வு சென்சாரும் விழித்துக்கொள்ளும். ரோபோவுக்கென்றே புதிதாக லான் போடுபவர்களுக்கு நம் சிபாரிசு பெர்முடாதான். அது சமமாகப் படரும்.

இன்னொரு உள்ளூர்க் காரணம் பூக்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை டபெபூயா ரோசியா மரத்தடியில் இளஞ்சிவப்புக் கம்பளமே விரிந்துவிடும். பச்சை அல்லாத எதையும் சந்தேகப்படும் கேமரா மாடல்கள் அந்தப் பக்கமே போகாது. தேங்காய் மட்டை, காய்ந்த பாக்கு மட்டை விஷயம் வேறு: அவற்றைப் பார்த்து ஒதுங்கினால் மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. வண்டி கிளம்புவதற்கு அரைமணி முன்னால் மாலி (தோட்டக்காரர்) ஒருமுறை கூட்டிவிடுவதைத் தவிர இதற்கு மாற்று மருந்து இல்லை.

தண்ணீர் ஹோஸ் பைப்பை வெட்டிவிட்டது. சொட்டுநீர்க் குழாயையும் விடவில்லை. சென்சார் போய்விட்டதா?

இல்லை. தரையோடு கிடக்கும் பொருளை இந்த மெஷின்கள் நம்பகமாகக் கண்டுபிடிப்பதில்லை. 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாய் பம்ப்பர் விளிம்புக்குக் கீழேயே நழுவிப் போகும். அல்ட்ராசோனிக் அலை அதன் தலைக்கு மேலே போய்விடும். கறுப்புக் குழாய் நிழலில் கிடந்தால் கேமராவுக்கும் தெரியாது. மோதி உணரும் அளவுக்கு ஒரு பொருள் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரமாவது, அசையாமல், செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்குக் குறைவான எதுவும், அது செருப்பானாலும் குழந்தையின் பந்தானாலும் காய்ந்து விழுந்த மாங்கொட்டையானாலும், லானில் இருக்கக் கூடாத பொருள்.

குழாயை 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைப்பது நிரந்தரத் தீர்வு. ஹோஸுக்குச் சுவரில் ஒரு ரீல் மாட்டுங்கள். பாப்-அப் ஸ்பிரிங்க்ளர் வைத்திருந்தால், தண்ணீர் நின்றதும் தலை முழுக்க உள்ளே இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து பாதியில் நின்றுவிடும் தலைகளில்தான் பிளேடு அடிபடுகிறது.

மரத்தடியில் ஏறிப்போய் மாட்டிக்கொள்கிறது.

அடிமரம் நேராகத் தரையில் இறங்கினால் வண்டி இடித்துத் திரும்பிவிடும். வேர் சரிவாகப் பரந்து இறங்கும் மரங்களில் இடிக்க இடமே இல்லை; சக்கரம் ஏறிவிடும், பிளேடு வேரைச் செதுக்கும், பிறகு தூக்கு சென்சார் நிறுத்தும். மரத்தைச் சுற்றிச் செங்கல்லைச் செங்குத்தாக நட்டு 15 சென்டிமீட்டர் உயர வட்ட விளிம்பு கட்டிவிடுங்கள். ஒயர் மாடல் என்றால் விளிம்புக்குப் பதில் ஒயரையே தீவாகச் சுற்றலாம்.

அப்படிப் பாத்தியைச் சுற்றி ஒயரைத் தீவு மாதிரி போட்டேன். உள்ளே போவது நிற்கவில்லை. சில நேரம் தீவுக்குப் போகும் வழியையே சுவர் மாதிரி நினைத்துத் திரும்புகிறது.

இரண்டும் ஒயர் போட்ட விதத்தில் வரும் பிழைகள். எல்லையிலிருந்து தீவுக்குப் போகும் ஒயரும் திரும்பி வரும் ஒயரும் ஒன்றையொன்று ஒட்டியபடி, இடைவெளி இல்லாமல், ஒரே முளையில் பிடிபட்டு ஓட வேண்டும். அவற்றில் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் போவதால் சிக்னல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வண்டி அதைத் தாண்டிப் போகும். நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் அது தனி எல்லையாகிவிடும்.

தீவைச் சுற்றும் திசை தவறினால் உள் வெளியாகவும் வெளி உள்ளாகவும் மெஷினுக்குப் படும். வலமா இடமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்துச் செய்யுங்கள், பக்கத்து வீட்டைப் பார்த்து அல்ல. ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வெட்டிக்கொள்ளவும் கூடாது.

தூரம்: சுவர், உயரமான பாத்தி விளிம்பு என்றால் ஒயர் 30 முதல் 35 சென்டிமீட்டர் தள்ளி. லானோடு சமமாக உள்ள நடைபாதை என்றால் 10 சென்டிமீட்டர் போதும். முளைகளை 75 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் அடியுங்கள். புதிதாகக் கொட்டிய செம்மண்ணில் இன்னும் நெருக்கமாக.

ஒயர் இல்லாத ஆர்டிகே மாடல். மேப்பில் போட்ட தடைப்பகுதி சில நாள் சரியாக இருக்கிறது, சில நாள் ஒரு அடி நகர்ந்து தொட்டியில் இடிக்கிறது.

ஆர்டிகே என்பது, வீட்டில் நிலையாக நட்ட ஓர் ஆன்டெனாவின் துணையோடு வண்டியின் சேட்டலைட் இடக்கணக்கைத் திருத்தும் முறை. அது ஒழுங்காகப் பிடித்திருக்கும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். பிடி தளர்ந்தால் பிழை பல டெசிமீட்டருக்குப் போகும். ஆப்பில் நிலை "ஃபிக்ஸ்" என்று இருக்கிறதா, "ஃப்ளோட்" என்று இருக்கிறதா பாருங்கள். பிடி தளர்ந்த நிலைதான் ஃப்ளோட். அதில் ஓடும் வண்டியின் தடைப்பகுதியை நம்ப வேண்டாம்.

முதல் காரணம் ஆன்டெனா இடம். மூன்று மாடி வீடுகளுக்கு நடுவே, மழைமரக் கிளைக்கு அடியில், கம்பி கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் சேட்டலைட் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வரும். மொட்டைமாடிதான் சரியான இடம். ஆனால் சின்டெக்ஸ் டேங்கையும் சோலார் ஹீட்டரையும் விட உயரமாகக் குழாய் நட்டு வையுங்கள். ஒருமுறை வைத்தபின் நகர்த்தாதீர்கள். பெயின்ட் அடிக்க வந்தவர் இரண்டு அடி தள்ளி வைத்தால் உங்கள் மேப் முழுவதும் அதே இரண்டு அடி தள்ளிப்போகும்.

இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செட்டுகள். ஆன்டெனா வண்டியோடு பேசும் ரேடியோ அமெரிக்கப் பதிப்பில் 915 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி இருக்கும். இந்தியாவில் அந்தப் பகுதியின் ஒரு பங்கு மொபைல் போன்களுக்குரியது. உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ளது 865 முதல் 868 வரையிலான பகுதியில். சட்டச் சிக்கல் ஒருபுறம், குறுக்கீடு மறுபுறம். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணத்தை விற்பவர்கள் சொல்வதில்லை. கேரளாவின் தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் அமைத்ததற்குக் காரணமே காந்த நிலநடுக்கோடு அதன் பக்கத்தில் போவதுதான். பெங்களூரு அதிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இந்தப் பட்டையில் சூரியன் மறைந்தபின், நள்ளிரவு வரை, அயனமண்டலம் (வானில் உயரே உள்ள மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு) குழம்பி சேட்டலைட் சிக்னல் துடிக்கும். மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் இது அதிகம்; சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம். ஐரோப்பாவில் ஒழுங்காக ஓடும் அதே வண்டி இங்கே இரவு 8 மணிக்குத் தடுமாறினால் ஆச்சரியமில்லை. பகலில் ஓட்டுங்கள்.

காலை 7 மணிக்கு மட்டும் கண்ட இடத்தில் நிற்கிறது. பத்து மணிக்கு மேல் பிரச்சினையே இல்லை.

கேமரா. தாழ்ந்த சூரியன் நேராக லென்ஸில் அடிக்கிறது, அல்லது பனித்துளி படிந்திருக்கிறது. நேரத்தை மாற்றினால் தீர்ந்தது.

நாள் முழுவதும் அப்படி என்றால் லென்ஸைப் பாருங்கள். போர்வெல் ஸ்பிரிங்க்ளர் துளி காய்ந்து வெள்ளை வட்டங்கள் இருக்கும்; அதற்கு அடியில் செம்மண் தெறித்த புள்ளிகள். உலர்ந்த துணியால் தேய்த்தால் மண்துகள் கீறிவிடும். முதலில் ஆர்ஓ தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை ஒரு நிமிடம் அதன்மேல் வைத்து ஊறவிடுங்கள், பிறகு அழுத்தாமல் ஒரே திசையில் துடையுங்கள். கொலின் மாதிரி கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம்; பிளாஸ்டிக் மூடி மங்கிவிடும். மூடிக்கு உள்பக்கம் நீராவி படிந்திருந்தால் அது சீல் போன அடையாளம், சர்வீஸ் வேலை.

சம்ப், மழைநீர்க் குழி, மீன்குளம் ஆகியவற்றைப் பார்த்து நிற்குமா?

பள்ளத்தைப் பார்க்கும் சென்சார் பெரும்பாலான புல்வெட்டிகளில் கிடையாது. வீடு பெருக்கும் ரோபோவில் படிக்கட்டுக்கு இருக்கும் சென்சாரை நினைத்துக்கொண்டு பலர் இங்கே ஏமாறுகிறார்கள். மழைநீர் சேகரிப்புக் குழியின் வாய் லானோடு சமமாக, ஜல்லி போட்டுத் திறந்திருந்தால் சக்கரம் அதில் இறங்கிவிடும். குழியைச் சுற்றி 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு விளிம்பு கட்டுங்கள். குளம் என்றால் கரையும் கட்டி, எல்லையை ஒரு மீட்டர் தள்ளியும் வையுங்கள். ஈரமான சரிவில் சக்கரம் வழுக்கும் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் மட்டும் மாட்டுகிறது.

அகலத்தை அளந்து பாருங்கள். ஒயர் மாடல்களுக்கு இருபக்க இடைவெளியும் போக நடுவே வண்டி திரும்ப இடம் வேண்டும். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த சந்தில் அது இங்கும் அங்கும் இடித்து, இடித்த எண்ணிக்கை மிகுந்ததும் சிக்கிக்கொண்டதாக முடிவு செய்யும். ஏசி வெளிப்புற யூனிட்டும் துணிக்கொடியும் பொதுவாக அந்தச் சந்தில்தான் இருக்கும். தாழத் தொங்கும் புடவை ஒலியை விழுங்கும்; அல்ட்ராசோனிக்குக் கண் கட்டினது மாதிரி. அந்தச் சந்தை விட்டுவிட்டு, மாதம் இருமுறை கையால் வெட்டுவதே லாபம்.

குழந்தைகள், நாய், தவளை?

தடை சென்சாரைப் பாதுகாப்பு என்று எண்ணவே வேண்டாம். வட்டத் தட்டில் மூன்று சிறு பிளேடுகள் நிமிடத்துக்கு ஈராயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. வண்டி இடிப்பதை உணர்ந்து நிற்கும் நேரத்துக்குள் நீட்டிய ஒரு சின்ன விரல் அடியில் போய்விட முடியும். வண்டி ஓடும் நேரத்தில் குழந்தைகளும் நாயும் லானில் இருக்கக் கூடாது. ஆயாவுக்கும் செக்யூரிட்டிக்கும் சிவப்பு ஸ்டாப் பட்டன் எங்கே என்று காட்டிக்கொடுங்கள்.

சிறு பிராணிகளுக்கு ஆபத்து இரவில். டென்மார்க்கில் 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 18 ரோபோ மாடல்களை இறந்த முள்ளெலிகளின் உடல்களை வைத்துச் சோதித்தார்கள். தொடாமல் கண்டுபிடித்தது ஒன்றுகூட இல்லை. கேமரா மாடல்கள் அதற்குப் பிறகு தேறியிருக்கின்றன, ஆனால் கைப்பிடியளவுத் தேரைக்கு உத்தரவாதம் இல்லை. மழைக்கால அந்தியில் தவளையும் தேரையும், அவற்றைத் தேடிப் பாம்பும் லானுக்கு வரும். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் அட்டவணையை முடியுங்கள்.

கரண்ட் போனதும் நடுவில் நின்றுவிடுகிறது. இதுவும் தடைக் கோளாறா?

இல்லை. ஒயர் மாடலில் சிக்னலை அனுப்புவதே சார்ஜிங் ஸ்டேஷன்தான். மின்சாரம் போனால் எல்லை மறைந்துவிடும், வண்டி நிற்கும், நிற்கத்தான் வேண்டும். ஸ்டேஷனை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள். ஏப்ரல், மே இடிமழையில் மட்டும் பிளக்கைப் பிடுங்கி, ஒயரின் இரு முனைகளையும் ஸ்டேஷனிலிருந்து கழற்றி வையுங்கள்.

ஆப்பில் சென்சிடிவிட்டியைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

புல்லைத் தடை என்று நினைப்பது குறையும்; தொட்டியை இடிப்பது கூடும். சுத்தம், புல் உயரம், ஓடும் நேரம் மூன்றையும் சரி செய்தபின்னும் பிரச்சினை இருந்தால் ஒரு படி குறைத்து ஒரு வாரம் பாருங்கள். சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு இந்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது உண்டு. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று திடீரென்று மாறினால் முதலில் அதைப் பாருங்கள்.

எவற்றை நாமே மாற்றலாம், எப்போது சர்வீஸை அழைக்க வேண்டும்?

பிளேடு, பிளேடு ஸ்க்ரூ, சக்கரம், ரப்பர் தூண், ஒயர் ஜாயின்ட் எல்லாம் நீங்களே மாற்றலாம். பிளேடு மாற்றும்போது மூன்றையும் ஸ்க்ரூவோடு சேர்த்து மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிது என்றால் தட்டு ஆடும், அந்த அதிர்வை மோதல் என்று சில மாடல்கள் எடுத்துக்கொள்ளும். ஒயர் ஜாயின்டுக்கு ஜெல் நிரப்பிய கனெக்டர்தான் வேண்டும். டேப் சுற்றிய முறுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கேட்டால் கனெக்டர் கிடைக்கும். ஹால் சென்சாரும் அங்கே சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் சாலிடரிங் தெரியாவிட்டாலோ வாரன்டி மிச்சமிருந்தாலோ அதைத் தொடாதீர்கள்.

கேமரா உள்பக்க ஈரம், அல்ட்ராசோனிக் கண் உடைந்தது, தூக்கு சென்சார் வேலை செய்யாதது மூன்றும் சர்வீஸுக்கு. தூக்கு சென்சாரைச் சோதிக்க பிளேடுகளைக் கழற்றிவிட்டு வண்டியை ஓடவிட்டு, பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குங்கள். தட்டு உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்றே மெயின் சுவிட்சை அணைத்து ஷெட்டில் வைத்துவிட்டு போன் செய்யுங்கள். பேசும்போது எரர் எண், சாஃப்ட்வேர் பதிப்பு, எந்த நேரத்தில் நின்றது, நின்ற இடத்தின் போட்டோ ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.